தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குத்து மூங்கில்

மஸாஃபியிலிருந்து மலையிறங்கி வந்துகொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார். எங்களுக்கு முன்னால் ஒரு பிக்கப். அதன் பின்பக்கம் முழுக்க மூங்கில் கன்றுகள். கறுப்புப் பைகளோடு நிற்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன. முந்திப் போகலாமா என்று அப்பா கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி ஒண்ணுமே தெரியலையே" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஒன்றுமே தெரியவில்லை. அந்த இலைகளுக்கு அப்பால் ஒரு ஆள் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறார், அவர் தலை தெரியவில்லை. அவருக்கும் எங்களைத் தெரியாது. "அப்பா, மூங்கில்" என்று கத்திவிட்டேன். ஏதோ ஆடு குறுக்கே வந்துவிட்டது என்று நினைத்து அவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்தவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"எங்க?"

"நம்ம வீட்டுக்குப்பா."

அவர் பின்னால் வந்தவரிடம் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

அமீரகத்தின் கிழக்குக் கரையில், புஜைராவில் நாங்கள் இருப்பது பழைய வில்லா ஒன்றின் கீழ்ப்பகுதி. நான் பிறப்பதற்கு முன்பே அப்பா எடுத்த வீடு. பின்னால் மதில் சூழ்ந்த ஒரு முற்றம். பாதி சிமென்ட், பாதி மண். சிமென்ட்டுக்கு அடியில் வீட்டுக்கான தண்ணீர்த் தொட்டி. அந்த முற்றம்தான் அம்மாவின் இடம். அம்மா இங்கே வேலைக்குப் போனதில்லை, வண்டி ஓட்டத் தெரியாது. வெயில் தாழ்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு டீ, கீரை ஆய்வது, திருச்சிக்கு போன், எல்லாம் அங்கேதான். நைட்டியோடு, ஈரத் தலையை விரித்துப் போட்டு அவர் உட்காரக்கூடிய ஒரே திறந்தவெளி அது.

மதிலுக்குப் பின்னால் காலி மனையாக இருந்த இடத்தில் கட்டடம் எழும்பியது. ஏதோ ஒரு கம்பெனியின் ஆட்கள் தங்கும் இடம். அதன் படிக்கட்டு ஜன்னல்கள், சமையலறை ஜன்னல்கள் எல்லாம் எங்கள் முற்றத்தை நேராகக் குனிந்து பார்த்தன. யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. டியூட்டி முடிந்து வந்தவர்கள் ஜன்னலோரம் நின்று ஊருக்கு போன் பேசுவார்கள். பேசும்போது கண்ணை எங்காவது வைக்க வேண்டுமே. வைக்க வேறு இடம் இல்லை.

அம்மா துணி காயப்போடும் ஸ்டாண்டை ஹாலுக்குள் கொண்டுவந்தார். ஒருநாள் டீ கிளாஸோடு பின்கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், மேலே பார்த்துவிட்டு அந்தக் காலை உள்ளே எடுத்தார். டீயைச் சமையலறை சிங்க் அருகே நின்று குடித்து முடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கதவின் தாழ்ப்பாள் நாளெல்லாம் போட்டே கிடந்தது.

கொஞ்ச மாதத்தில் காலும் முதுகும் வலிக்க ஆரம்பித்தன. டாக்டரிடம் போனால், உடம்பில் வெயில் படவில்லை, வெளியே நில்லுங்கள் என்றார். வருஷம் முழுக்க வெயில் கொளுத்தும் ஊரில் அம்மாவுக்கு வெயில் பற்றாக்குறை. வரும் வழியில் காரில் அம்மா, நாளைக்கு என்ன குழம்பு என்பதைப் போல, "வர்ற கோடை முடிஞ்சதும் நான் திருச்சிக்கே போயிடறேன். நீங்க ரெண்டு பேரும் லீவுக்கு வாங்க" என்றார். அப்பா ஏசியின் சத்தத்தைக் கூட்டினார். அம்மா சொன்னால் செய்வார். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மதிலை உயர்த்தலாமா என்று கேட்டதற்கு, நகராட்சி அனுமதி தராது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பச்சை வலை கட்டினோம். வந்த முதல் காற்றே அதைக் கிழித்துப் பக்கத்துத் தெருவில் போட்டது. கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு பரபரத்தது. எதையாவது செய்தாக வேண்டும். அப்போதுதான் அந்த பிக்கப் எங்கள் முன்னால் போனது.

வீட்டுக்காரரை அப்பா அர்பாப் என்று கூப்பிடுவார். இந்த ஊர்க்காரர், வயதானவர், அடுத்த தெருவிலேயே வீடு. வழக்கமாக வண்டியை விட்டு இறங்கவே மாட்டார். கண்ணாடியை இறக்கி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார். மூங்கில் என்றதும் இறங்கினார். அவருடைய இன்னொரு வீட்டில் குடியிருந்தவர் மதிலோரம் அழகுக்கு மூங்கில் வைத்தாராம். அது மண்ணுக்குள்ளேயே போய்க் குளியலறைத் தரையைப் பிளந்துகொண்டு முளைத்ததாம். தொட்டியில் விரிசல் விட்டு முற்றம் முழுவதையும் உடைக்க வேண்டியதாயிற்றாம். "அந்த மரம் நடக்கும்" என்று ஹிந்தியில் சொல்லி, காரின் மேல் இரண்டு விரலை வைத்து நடத்திக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் நான் பார்த்த மூங்கில் எல்லாம் குத்தாகத்தான் நிற்கும். வாய்க்கால் கரையில், கல்லூரி வளாகத்தில், எங்கே பார்த்தாலும் நட்ட இடத்தில் தடித்துக்கொண்டே போகுமே தவிர அடுத்த இடத்துக்குப் போகாது. அப்பாவுக்கும் அதே நினைப்பு. "எங்க ஊர் மூங்கில் நின்ன இடத்துல நிக்கும் அர்பாப்" என்றார்.

"உங்கள் ஊரில் நிற்கும். இங்கே கடையில் விற்பது எந்த ஊர் மூங்கில்?"

அவர் மண் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னதை அப்பா தமிழில் திருப்பிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஒரு செடி, ஒன்றே ஒன்று. கோடை முடிந்ததும் வேரைத் தோண்டிக் காட்ட வேண்டும். தொட்டியின் பக்கம் ஒரு விரல் நீளம் போயிருந்தாலும் கலாஸ், முடிந்தது கதை. செடியும் இருக்காது, நாங்களும் இருக்க மாட்டோம். புன்னகையோடுதான் சொன்னார். அப்பா புன்னகைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மூங்கிலில் இரண்டு சாதி என்று தெரிந்தது. ஒன்று குத்தாக நிற்பது. இன்னொன்று ஓடுவது, தரைக்கு அடியில் கயிறு மாதிரி கிழங்கை நீட்டிக்கொண்டே போய், நினைத்த இடத்தில் தலையைத் தூக்கும். குளிர் நாடுகளிலிருந்து வந்தவற்றில் அந்த வகை நிறைய. எங்கள் கண் பழகியதெல்லாம் முதல் சாதி. அதனால் இரண்டாவது இருக்கிறது என்ற சந்தேகமே வரவில்லை. அர்பாப் மட்டும் இறங்காமல் போயிருந்தால், கடையில் முதலில் கண்ணில் படுவதை வாங்கி வந்து, வரிசையாகத் தொட்டியை ஒட்டியே நட்டிருப்பேன்.

மறு வெள்ளிக்கிழமை மூன்று பேரும் மஸாஃபி சந்தைக்குப் போனோம். கம்பளக் கடைகளையும் பழக்கடைகளையும் தாண்டிச் செடிக்கடைகள். அங்கே போனதும் அம்மா காரை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார். என்னவென்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன்.

"பாடை கட்டுறதை யாராச்சும் காசு குடுத்து வாங்கிட்டு வந்து வீட்டு வாசல்ல நடுவாங்களாடி?"

இத்தனை நாள் இது அவர் மனதில் இருந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. முறம் மூங்கில்தானே, ஏணி மூங்கில்தானே, கல்யாணப் பந்தலுக்குக் கால் எது என்று அடுக்கினேன்.

"முறம் வளருமா? இது என் கண்ணு முன்னாடி வளரும். தினம் அதைப் பாத்துட்டு உக்காரணும்."

"ஜன்னல்ல நிக்கிறவங்களைப் பாத்துட்டு உக்கார்றதுக்கு இது மேல் இல்லையா?"

சொன்ன வேகம் சரியில்லை. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கமே பார்த்தபடி, "வை. ஆனா நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டேன்" என்றார். அதுவரை அம்மா விட்டுக்கொடுத்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

கடைக்கார பாய்க்கு எல்லா மூங்கிலும் மூங்கில்தான். "சப் சேம் மேடம்" என்று சொல்லி உயரமாக, ஒல்லியாக, பளபளவென்று இருந்த ஒன்றை இழுத்து முன்னால் வைத்தார். அழகென்றால் அப்படி ஒரு அழகு. தண்டை விரலால் தடவினேன். கிளை கிளம்பும் இடத்துக்கு மேலே, அடுத்த கணு வரைக்கும் ஒரு பள்ளம் ஓடியது; கணுவுக்கு இரண்டே கிளை. படித்ததில் ஓடும் சாதிக்குச் சொன்ன அடையாளம் அப்படியே இருந்தது. பின்வரிசையில் தூசி படிந்து நின்றது இன்னொன்று. குட்டை. தண்டு வழவழவென்று உருண்டை. கணுவில் கொத்துக் கொத்தாகக் கிளை. எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மீதிப் பாதியில்தான் எங்கள் வீடே இருந்தது.

வேரைப் பார்க்க வேண்டும் என்றேன். பாய் மாட்டேன் என்றார். வெயிலில் வேரை வெளியே எடுத்தால் செடி போய்விடும், யார் பொறுப்பு? அப்பா தணிந்த குரலில் ஹிந்தியில் பேசினார். போனால் இரண்டையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒத்துக்கொண்ட பிறகு பாய் பையைக் கழற்றினார்.

அந்த அழகான செடியின் மண்ணைச் சுற்றி விரல் தடிமனில் ஒரு வெளுத்த கிழங்கு. பையின் ஓரமாகவே ஓடி, ஒரு சுற்றுச் சுற்றி, மறு சுற்றில் பாதியில் நின்றிருந்தது. அதன் முனை ஊசி மாதிரி கூராக, பையின் ஓட்டைக்கு நேராக இருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். அவருக்கு எண்ணெய்த் தொட்டிகளின் நடுவே வேலை. கசிவு என்றால் முகம் மாறிவிடும். "வழி தேடிக்கிட்டு இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

குட்டைச் செடியின் மண்ணை உதிர்த்தோம். உள்ளே இஞ்சி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிய முண்டுகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கிளம்பி உடனே மேல்நோக்கி வளைந்திருந்தது. வெளியே போக விருப்பமே இல்லாத வேர். அதைத்தான் எடுத்தோம். காரில் என் மடியோடு சாய்ந்து வந்தது. அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடும்போது வேறு சண்டை. அப்பா வேலை செய்யும் எண்ணெய் டெர்மினலில் ஒவ்வொரு தொட்டியைச் சுற்றியும் பண்டு கட்டியிருப்பார்கள். அதாவது ஒரு சுற்றுச்சுவர். தொட்டி உடைந்தாலும் எண்ணெய் அதற்குள்ளேயே நிற்கும். குத்து மூங்கிலுக்கும் பண்டு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பள்ளம் தோண்டி, தடித்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும், அடியிலும் விரித்து, மடிப்புகளைச் சூடு வைத்து ஒட்டினார். வேலை அவ்வளவு சுத்தம்.

அடியில் திறந்து விடுங்கள், தண்ணீர் இறங்க வேண்டும் என்றேன்.

"அடி தொறந்து கெடந்தா அதுக்குப் பேரு பண்டா பாப்பா?"

"இது எண்ணெய் இல்லப்பா. உசிரு."

"வீடும் உசிருதான்."

அதற்கு மேல் அவரோடு பேச முடியவில்லை. கோடைக்காற்று கிளம்புவதற்குள் செடி மண்ணுக்குள் போக வேண்டும். நட்டோம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது என்பதால் பக்கெட்டில் பிடித்து மாலையில் ஊற்றுவேன். மே வெயிலையும் தாண்டி இரண்டு புதுக் குருத்து வந்தது, அடித்தண்டை ஒட்டியே. போட்டோ எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. அம்மாவிடம் காட்டினால் அடுப்பைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பார்.

ஆகஸ்ட்டில் காற்றில் ஈரம் ஏறியதும் இலைகள் சுருள ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் குழல் மாதிரி தன்னைத் தானே சுற்றிக்கொண்டது. நுனி பழுப்பாகியது. வெயில் தாங்கவில்லை என்று நினைத்துக் கூடுதலாகத் தண்ணீர் விட்டேன். இன்னும் சுருண்டது. இன்னும் விட்டேன். தினமும் எழுந்ததும் முதல் வேலை பின்கதவு ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு நாளும் மதிலுக்கு மேலே கட்டடம் கொஞ்சம் உயர்ந்திருப்பது போலத் தெரியும். அம்மா திருச்சிக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லி அப்பாவிடம் இரண்டு முறை நினைவுபடுத்தியிருந்தார்.

செப்டம்பர் கடைசியில் அர்பாபிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. கோடைக்கு வெளியூர் போயிருந்தவர் திரும்பிவிட்டார். நாளை ஜும்மா தொழுகை முடிந்து வருவதாகச் சொன்னார்.

அப்பா அன்று சீக்கிரமே டியூட்டி முடிந்து வந்தார். நாளைக்கு அவர் முன்னால் தோண்டுவதற்கு முன், நாமே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். முன்பே தெரிந்தால் பயம் குறையும் என்று நினைத்தேன். மண்வெட்டியை எடுத்து ஓரமாக ஒரு கை ஆழம் தோண்டியதும் நாற்றம் அடித்தது. சாக்கடையைத் திறந்தது மாதிரி. மண் கறுத்துக் களியாக இருந்தது. இன்னும் ஒரு கை தோண்டினால் தண்ணீர் மினுங்கியது. கிழங்கு தொட்டியின் பக்கம் ஒரு அங்குலம்கூடப் போகவில்லை. எங்கேயுமே போகவில்லை. இருந்த இடத்திலேயே நனைந்து அழுகிக்கொண்டிருந்தது.

"நான் ஊத்துற ஒரு பக்கெட்டுக்கு இவ்வளவு நிக்காதே" என்றேன்.

பின்கதவு திறந்தது. அம்மா வாசலில் நின்றார்.

"ஒரு பக்கெட் இல்ல. காலையில நானும் ஊத்தறேன்."

நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்தோம்.

"விடியறதுக்கு முன்னாடி. அந்தப் பக்கம் யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. பக்கெட் நிரம்பி வழிஞ்சு தரையெல்லாம் ஈரமா கெடந்துது. சும்மா போறதை அதுக்குத்தான் ஊத்தினேன்." செடியைப் பார்த்து, "அது பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவேன்" என்றார்.

மாலையில் நான் திறப்பதைத் தவிர தாழ்ப்பாள் போட்டே கிடக்கிறது என்று நினைத்த கதவை அம்மா கோடை முழுக்கத் திறந்திருக்கிறார். இடுப்பு உயரம்கூட வராத செடிக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். அவர் ஊற்றியது, நான் ஊற்றியது, இரண்டும் போக வழியில்லாமல் அப்பா ஒட்டிய ஷீட்டில் தேங்கியிருக்கிறது.

ஷீட்டின் அடியைக் கிழித்தாக வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரம் தாங்காது என்றேன். அப்பா தலையாட்டவில்லை. நட்ட அன்று வந்து பார்த்த அர்பாப் எங்களை நம்புவதே அந்த ஷீட்டை நம்பித்தான். அதையும் கிழித்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பது என்றார். வேர் இஞ்சி மாதிரிதான் இருக்கிறது, பாருங்கள் என்றேன். இன்றைக்கு இருக்கிறது என்றார். குரல் ஏறியது. எதிர்க் கட்டடத்தில் போன் பேசிக்கொண்டிருந்த ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

அம்மா படியிறங்கி வந்தார். அந்த வெளிச்சத்தில், அத்தனை ஜன்னலுக்கும் கீழே. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பள்ளத்தின் ஓரம் குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார்.

"உங்க டெர்மினல்ல மழை பெஞ்சா அந்தச் சுவத்துக்குள்ள தண்ணி நிக்காதா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா ஷீட்டின் ஓரத்தைப் பார்த்தார். "வால்வு இருக்கும்" என்றார். "அடியில. தொறந்து விடுவோம்."

"இதுல எங்க வால்வு?"

அப்பா மண்வெட்டியை மதிலில் சாய்த்துவைத்தார். இந்த ஊரில் எப்போதோ ஒருமுறை பெய்யும் மழைக்கான வால்வு. அதைத் திறந்த ஞாபகமே தனக்கு அதிகம் இல்லை என்று பிறகு சொன்னார். அப்போது சொன்னது வேறு. "அதைத் தனியா தொறக்க மாட்டோம். எண்ணெய் கலந்திருக்கான்னு ரெண்டு பேர் நின்னு பார்த்துட்டுதான் தொறக்கணும்."

பக்கத்தில் நிற்க வேண்டிய அந்த இன்னொரு ஆள் அர்பாப்தான், அதனால் ஷீட்டை இன்றைக்குக் கிழிக்கவில்லை. தேங்கிய தண்ணீரை மட்டும் கிண்ணத்தால் முகந்து ஊற்றினோம். மூன்று பேரும், மாறி மாறி. நாளைக்கு அர்பாப் வந்ததும் அவர் முன்னால் செடியை வேரோடு தூக்கிக் காட்டப்போகிறோம். மஸாஃபியில் பார்த்த அந்த ஓடும் கிழங்கு எப்படி இருந்தது, இது எப்படி இருக்கிறது என்று நான் ஹிந்தியில் சொல்ல வேண்டும். என் ஹிந்தியை நினைத்தால்தான் பயம். அழுகிய முண்டை வெட்டி எறிந்துவிட்டு, நல்லதை மட்டும் வைத்துக்கொள்வேன். பிறகு அவரையே பக்கத்தில் நிற்கவைத்து அப்பா ஷீட்டின் அடியை அறுப்பார். தண்ணீர்த் தொட்டியின் பக்கம் இருக்கும் ஷீட்டை மட்டும் தொட மாட்டார். மணலையும் எருவையும் கலந்து மேடாக்கி, தரை மட்டத்துக்கு மேலே நடலாம் என்று இருக்கிறேன். அவர் வேண்டாம் என்றால் பெரிய பூந்தொட்டிகளில், சிமென்ட் தரையின் மேல். சரி என்றால், மதிலோரம் எத்தனை குத்து வைக்கலாம் என்று அன்றைக்கே கேட்டுவிடுவேன். அப்பா கேட்காதே என்கிறார்.

தண்ணீர் ஊற்றுவது இனி ஒரே ஆள், காலையில் மட்டும். அது யார் என்று அம்மா தீர்த்துவிட்டார். டிக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நாளைக்கு அர்பாப் வரும்போது தானும் முற்றத்தில் நிற்பதாக மட்டும் அம்மா சொல்லியிருக்கிறார். இப்போது ஹாலில் அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.